அத்தியாயம் 6: கார்டியோவில் எத்தனை கலோரி எரிகிறது? திரையைப் பார்க்காமல் கணக்கிடும் முறை

டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு இறங்கும்போது திரையில் 380 என்று ஓர் எண் நிற்கிறது. அதை நோட்டில் எழுதிக்கொள்ளும் முன் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்த 380 உங்கள் எடைக்குப் போட்ட கணக்கா, எந்திரம் தானாக வைத்துக்கொண்ட ஏதோ ஓர் எடைக்கா? நடக்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் செலவாகியிருக்கும் கலோரியும் அதற்குள் இருக்கிறதா? நீங்கள் பாதி நேரம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தது அதற்குத் தெரியுமா? திரை எதற்கும் பதில் சொல்லாது. உங்கள் எடையும் கடந்த தூரமும் தெரிந்தால், கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரை வைத்து இதைவிட நம்பகமான எண்ணை நீங்களே எடுத்துவிடலாம்.

இந்நூலில் கலோரி என்று வருவதெல்லாம் கிலோகலோரி. பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அதே அலகுதான்.

ஆக்சிஜன் கணக்கு

பயிற்சியின்போது எரியும் கலோரியை ஆய்வகத்தில்கூடப் பெரும்பாலும் நேரடியாக எண்ணுவதில்லை. ஆக்சிஜனைத்தான் அளக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் லவாய்சியே தம்முடன் பணியாற்றிய செகுவானையே சோதனைப் பொருளாக உட்கார வைத்து, உழைக்கும்போது மனிதன் உள்ளிழுக்கும் ஆக்சிஜன் கூடுகிறது என்று காட்டினார். 1911இல் டக்ளஸ் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், வெளிவிடும் மூச்சைச் சேர்த்துவைக்கும் பையை உருவாக்கினார். அதைச் சுமந்துகொண்டே மலையும் ஏறலாம். இன்று முகமூடியும் கணினியும் வந்துவிட்டன. அடிப்படை மாறவில்லை.

உடம்பு ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கலோரி செலவாகிறது. கொழுப்பை மட்டும் எரித்தால் 4.7, மாவுச்சத்தை மட்டும் எரித்தால் 5க்குச் சற்று மேல். வித்தியாசம் இவ்வளவு சின்னது என்பதால் 5 என்றே வைத்துக்கொள்ளலாம். டிரெட்மில் திரை, கைக்கடிகாரம், கைபேசிச் செயலி எல்லாம் வேகத்தையோ இதயத்துடிப்பையோ பார்த்து, ‘இவர் இத்தனை லிட்டர் ஆக்சிஜன் எடுத்திருப்பார்’ என்று ஊகிக்கின்றன. உங்கள் மூச்சை அவை எதுவும் அளக்கவில்லை.

நடைக்குப் பாதி எடை, ஓட்டத்துக்கு முழு எடை

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. சமதளத்தில் நடக்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கூடுதலாக 0.1 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவை. ஓடினால் 0.2. இதைக் கிலோமீட்டருக்கும் கலோரிக்கும் மாற்றினால் கிடைப்பது மனத்தில் நிற்கக்கூடிய ஒரு விதி:

நடை: எடை × கிலோமீட்டர் × 0.5
ஓட்டம்: எடை × கிலோமீட்டர் × 1

70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 35 கலோரி, ஓடினால் 70. ஆறு கிலோமீட்டர் நடந்தால் 210. சூத்திரம் இவ்வளவுதான். கண்ணாடி முன் ஒட்டி வைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டு வரிகளை ஒட்டுங்கள்.

இவை நிகரக் கணக்கு, அதாவது நடந்ததால், ஓடியதால் கூடுதலாகச் செலவானது மட்டும். உடம்பு சும்மா இருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஆட்டோ மீட்டரில் ஏறும் வெயிட்டிங் சார்ஜ் மாதிரி இது. ஆனால் இது வண்டி நகர்ந்தாலும் நிற்காமல் ஏறும். அதே 70 கிலோ மனிதருக்கு, வழக்கமான சூத்திரப்படி, மணிக்கு 73 கலோரி அப்படிப் போகிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் அவர் நடந்தால் மொத்தச் செலவு 283 என்று வரும். நடையால் வந்தது 210தான். திரை 380 காட்டினால், அந்த எந்திரம் வேறு யாருக்கோ கணக்குப் போடுகிறது.

உடல் மெலிய வேண்டும் என்று பயிற்சி செய்கிறவர் நிகரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி 73 கலோரியை உடம்பு எப்படியும் செலவழித்திருக்கும்; அன்றாட உணவுத் தேவையில் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. மொத்தத்தை எழுதினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகிவிடும். சில கைக்கடிகாரங்கள் செயல் கலோரி என்றும் மொத்தக் கலோரி என்றும் இரண்டையும் தனித்தனியே காட்டும். நமக்கு வேண்டியது முதலாவது.

இந்த விதியில் நேரம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்கு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் முடித்தாலும் ஒரு மணி நேரத்தில் முடித்தாலும் நிகரச் செலவு கிட்டத்தட்ட ஒன்றே. முழங்கால் வலிக்காக மெதுவாக நடக்கிறவர்களிடம் ‘இப்படி நடந்தால் என்ன எரியப்போகிறது’ என்று சொல்லும் ட்ரெய்னர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வேகம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தரும் பயன் வேறு. அது இந்த அத்தியாயத்தின் பாடமல்ல.

விதிக்கு எல்லைகளும் உண்டு. நடைச் சூத்திரம் மணிக்கு 3 முதல் 6 கிலோமீட்டர் வரைதான் நன்றாகப் பொருந்தும். அதற்கு மேல் விரைந்து நடந்தால் செலவு மளமளவென்று ஏறும். மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டும் இடத்தில் நடப்பதும் மெல்ல ஓடுவதும் ஒரே செலவாகிவிடும். உடம்பு தானாகவே ஓடத் தொடங்குவது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். ஓட்டச் சூத்திரம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் சரியாக நிற்கும்.

ஏற்றம், படி, மணல்

டிரெட்மில்லில் பெரும்பாலோர் வேகப் பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். ஏற்றப் பொத்தான் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். அதே சூத்திரத்தின்படி, நடக்கும்போது ஒவ்வொரு 1 சதவீத ஏற்றத்துக்கும் நிகரச் செலவு 18 சதவீதம் கூடும். 5 சதவீதம் வைத்தால் 90 சதவீதம் கூடி, கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. அதாவது 5 சதவீத ஏற்றத்தில் நடப்பதும் சமதளத்தில் அதே தூரம் ஓடுவதும் கலோரியில் ஏறத்தாழ சமம். மூட்டுக்கு விழும் அடியோ மிகக் குறைவு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பொத்தானைப் பற்றித்தான். ஓடும்போது ஏற்றத்தின் விளைவு அவ்வளவு இல்லை. 1 சதவீதத்துக்கு 4 அல்லது 5 சதவீதம் கூடும்.

இதெல்லாம் கைப்பிடியை விட்டால்தான். ஏற்றத்தை 10இல் வைத்துவிட்டு, முன்கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து நடப்பவர்களை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். உடலின் பாரத்தில் ஒரு பங்கைக் கம்பி தாங்கிக்கொள்கிறது. கால்கள் செய்ய வேண்டிய வேலை குறைந்தாலும் திரை முழு ஏற்றத்துக்கும் கலோரி எழுதிக்கொண்டே போகும். நிலைதடுமாறும் பயம் இருந்தால் பிடித்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் ஏற்றத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். அன்றைய திரை எண்ணை நம்பாதீர்கள்.

படிகளுக்கும் குன்றுகளுக்கும் செங்குத்து உயரம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.9 கலோரி. திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். 70 கிலோ மனிதர் அடியிலிருந்து உச்சிவரை ஏறினால், ஏற்றத்துக்காக மட்டும் ஏறக்குறைய 52 கலோரி. மூச்சு வாங்கும், சட்டை நனையும், தொடை நடுங்கும்; கணக்கு 52தான். வீட்டு மாடி ஒன்று 3 மீட்டர் என்றால் ஒருமுறை ஏறுவதற்கு 2 கலோரிகூட இல்லை. லிஃப்ட்டை விட்டுப் படியேறுவது நல்ல பழக்கம்தான், அதற்கான காரணங்களைக் கலோரியில் தேட வேண்டாம்.

மணல் இதற்கு நேரெதிர். நோகாத நடை போலத் தோன்றும், செலவோ அதிகம். 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தபோது, மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. ஓடுவதற்கு 1.6 மடங்கு. மெரினாவில் நடைபாதையில் ஒரு கிலோமீட்டர் போகிறவரையும், கால் புதையும் மணலில் அதே தூரம் போகிறவரையும் கைக்கடிகாரம் ஒன்றாகவே எண்ணக்கூடும். மணலில் நடந்தால் தூரக்கணக்கை இரண்டால் பெருக்குங்கள். அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடந்தால் பெருக்க வேண்டாம், அது சாலை போலத்தான்.

தூரம் இல்லாத பயிற்சிகள்

பாட்மின்டன், ஸ்கிப்பிங், நடனம், எலிப்டிகல் போன்றவற்றில் தூரம் இல்லை. இவற்றுக்கு மெட் என்ற அலகு கைகொடுக்கும். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். அதைப் போல எத்தனை மடங்கு செலவாகிறதோ அத்தனை மெட். அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ஐன்ஸ்வொர்த் குழுவினர் 1993இல் நூற்றுக்கணக்கான செயல்களுக்கு மெட் பட்டியல் வெளியிட்டார்கள். அது இன்றுவரை திருத்தப்பட்டுவருகிறது. 2011 பதிப்பின்படி பொழுதுபோக்கு பாட்மின்டன் 5.5, போட்டி ஆட்டம் 7, எலிப்டிகல் மிதமான வேகத்தில் 5, நிமிடத்துக்கு நூறுக்கு மேல் குதிக்கும் ஸ்கிப்பிங் 11.8.

நிகரக் கலோரி = (மெட் – 1) × எடை × மணி நேரம்

ஒன்றைக் கழிப்பதை மறந்துவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கணிப்பான்கள் அதைக் கழிப்பதில்லை. நேரத்தையும் நேர்மையாகப் போட வேண்டும். ஒரு மணி நேரம் ஷட்டில் கோர்ட்டை வாடகைக்கு எடுத்தால் ஒரு மணி நேரம் ஆடியதாகாது. பெஞ்சில் காத்திருந்தது, ஷட்டிலைப் பொறுக்கியது, ‘அவுட்டா இன்னா’ என்று வாதாடியது எல்லாவற்றையும் கழித்தால் பல நாள் முப்பது நிமிடம்தான் மிஞ்சும்.

மெட் முறையின் பலவீனம் அந்த 1இலேயே இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்துக்கொண்டு கட்டிய அலகு அது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 769 பேரை அளந்தபோது சராசரி 2.6தான் வந்தது. உடலில் கொழுப்பின் பங்கு கூடக்கூட இந்த எண் இன்னும் இறங்கும். மேலை நாட்டுச் சூத்திரங்கள் இந்தியர்களின் ஓய்வுச் செலவைக் கூட்டிக் காட்டுகின்றன என்று நம் நாட்டு ஊட்டச்சத்து ஆய்வாளர்களும் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அதனால் தூரம் தெரிந்த இடத்தில் தூரக் கணக்கையே போடுங்கள். மெட்டில் வரும் விடையைச் சற்றுக் கீழே இழுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சைக்கிளுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ஜிம் சைக்கிளின் திரையில் வாட் தெரிந்தால் அதை 3.6ஆல் பெருக்குங்கள், ஒரு மணி நேரத்துக்கான மொத்தக் கலோரி வந்துவிடும். 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் சுமார் 360. மிதிக்கிறவர் செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. அந்த விகிதம்தான் இந்த எளிய பெருக்கலைச் சாத்தியமாக்குகிறது. எல்லாருக்கும் இந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், உண்மையாகவே வாட்டை அளக்கும் எந்திரம் கிடைத்தால் வேறெந்த எந்திரத்தையும்விட அதை நம்பலாம்.

கைக்கடிகாரமும் சென்னை வெயிலும்

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை அறுபது பேருக்கு மாட்டிச் சோதித்தார்கள். இதயத்துடிப்பை அளப்பதில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதன்பின் மாறிவிட்டன. ஆனால் துடிப்பைப் பார்த்துக் கலோரியை ஊகிப்பதில் உள்ள சிக்கல் மாறவில்லை.

துடிப்பு ஏறுவதற்கு உழைப்பு மட்டும் காரணமில்லை. மே மாதச் சென்னையில் காலை எட்டு மணிக்கு ஓடினால், உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையில் நீர் குறையக் குறைய, அதே வேகத்திலும் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஓடிய தூரம் ஜனவரியில் ஓடிய அதே தூரம்தான். கடிகாரமோ நீங்கள் கூடுதலாக உழைப்பதாக எண்ணிக்கொள்ளும். 2005இல் வெளியாகிப் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரத்தில், ஆண்களுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 10 கூடினால் கணக்கில் மணிக்கு 90 கலோரி ஏறிவிடும், பெண்களுக்கு 64. வெயிலும் தாகமும் சேர்ந்து எழுதும் போலிக் கணக்கு இது. இரவு சரியாகத் தூங்காதது, ஓடுவதற்கு முன் குடித்த ஸ்ட்ராங் காபி, லேசான காய்ச்சல் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். இரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக மேலே ஏறாது. ஒரு மணி நேரம் நன்றாக நடந்தாலும் கடிகாரம் குறைத்தே காட்டும். அவர்கள் துடிப்புக் கணக்கை அடியோடு விட்டுவிட்டுத் தூரக் கணக்கை வைத்துக்கொள்வதுதான் சரி. எண்ணை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டவே கூடாது.

கடிகாரம் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். தூரத்தை அளக்க, நேற்றையும் இன்றையும் ஒப்பிட, கடிகாரம் நல்ல கருவி. வாங்கிய அன்று போட்ட எடையை இப்போதைய எடைக்கு மாற்றுங்கள். எந்திரத்தில் எடை பவுண்டில் கேட்கிறதா கிலோவிலா என்றும் பாருங்கள். பவுண்டு நிலையில் இருக்கும் டிரெட்மில்லில் 60 என்று அழுத்தினால் 27 கிலோ குழந்தைக்குத்தான் கணக்கு வரும்.

வியர்வை, பின்னெரிதல், கொழுப்பு மண்டலம்

வியர்வை கலோரியின் அளவுகோல் அல்ல. உடம்பு வெப்பத்தை வெளியேற்றும் வழி அது. ஓட்டம் முடிந்து எடை பார்த்தால் முக்கால் கிலோ குறைந்திருக்கும். ஒரு சொம்பு தண்ணீரில் அது திரும்பிவிடும். இடுப்பில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வெப்பத்தாக்கு வரலாம், கொழுப்பு கரையாது.

பயிற்சி முடிந்த பின்னும் நாள் முழுக்கக் கலோரி எரியும் என்ற விளம்பரத்தில் ஓரளவு உண்மை உண்டு. உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும்வரை கூடுதல் ஆக்சிஜன் எடுக்கத்தான் செய்கிறது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் அது பயிற்சியின் நிகரச் செலவில் 6 முதல் 15 சதவீதம். 300 கலோரி ஓட்டத்துக்கு 18 முதல் 45. கணக்கில் சேர்க்காமல் விடுவதே மேல்.

டிரெட்மில்லில் ஒட்டியிருக்கும் கொழுப்பு எரியும் மண்டலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெதுவான வேகத்தில் எரிவதில் கொழுப்பின் பங்கு கூடுதல். மொத்த எரிப்பு குறைவு. எடைக்கு மொத்தம்தான் பொருட்டு.

ஒரு வாரக் கணக்கு

62 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு நாள், நாளுக்கு நான்கு கிலோமீட்டர் நடை: 62 × 4 × 0.5 = 124; நான்கு நாளுக்கு 496. ஒரு நாள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்: 310. ஒரு நாள் உண்மையாகவே முக்கால் மணி நேரம் பாட்மின்டன்: 4.5 × 62 × 0.75 = 209. வாரத்துக்கு 1,015. இதை ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். 20 சதவீதம் முன்பின் வைத்து, 800 முதல் 1,200 என்று எழுதுங்கள். இந்தக் கணக்கில் அதற்கு மேல் துல்லியம் கிடைக்காது, தேவையும் இல்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. தாளில் பார்த்தால் அவருக்கு எட்டு வாரத்தில் ஒரு கிலோ குறைய வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான் இறங்கும். எடை குறையக் குறைய அதே நடைக்கு ஆகும் செலவும் குறைகிறது. பயிற்சிக்குப் பின் சோபாவில் கூடுதலாகச் சாய்வதும், பசி கூடுவதும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களை மானுடவியலாளர் ஹெர்மன் போன்ட்ஸர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடக்கும் அவர்களது அன்றாட மொத்தச் செலவு, உடல் அளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தால், மேலை நாட்டு நகரவாசிகளுடையதைவிட அதிகமாக இல்லை. உழைப்பு கூடினால் உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர் தரப்பு வாதம். எந்த அளவுக்கு என்பதில் விவாதம் ஓயவில்லை.

ஆகவே எரித்ததற்கு ஈடாகச் சாப்பிடலாம் என்று செயலி பச்சை நிறத்தில் காட்டும் அனுமதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கும் எடை கூட்ட விரும்புகிறவர்களுக்கும் அது வேறு விஷயம். மற்றவர்களுக்கு, எரித்த பக்கம் கூட்டிக் காட்டிய எண்ணும் தின்ற பக்கம் குறைத்து எழுதிய எண்ணும் சேர்ந்தால், வாரம் ஆறு நாள் உழைத்தும் முள் நகராது.

நான்கு வாரம் தூரத்தையும் எடையையும் மட்டும் எழுதுங்கள். எடையைக் காலையில், ஒரே நேரத்தில் பார்த்து, வாரச் சராசரியை எடுங்கள். கணக்கு சொன்னதற்கும் தராசு காட்டியதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கான திருத்தம். கணக்குப்படி அரைக் கிலோ குறைய வேண்டிய இடத்தில் கால் கிலோதான் குறைந்தது என்றால், அடுத்த மாதம் பயிற்சிக் கலோரியைப் பாதியாக்கி எழுதுங்கள். அதன்பிறகும் அசையவில்லை என்றால் தூரத்தைக் கூட்டும் முன் அடுக்களையைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் ஒருவருக்கு நாளுக்கு இரண்டு தேக்கரண்டி குறைத்தால் வாரத்துக்கு 560. அந்தப் பெண்ணின் நான்கு நாள் நடை எரிப்பதைவிட அது அதிகம்.